ஃபோகஸ் குரூப் என்றால் என்ன? ‘எத்தனை பேர்’ என்பதை விட்டுவிட்டு ‘ஏன்’ என்று கேட்கும் அரசியல் ஆய்வு: முழு விளக்கம்

தேர்தல் நெருங்கினாலே கருத்துக்கணிப்புகள் வரிசைகட்டி வந்துவிடும். எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம், எந்தக் கூட்டணிக்கு எத்தனை இடம் என்று சேனல்கள் கிராஃபிக்ஸ் போட்டுக் காட்டும். அந்த எண்கள் சில நேரம் பலிக்கும், சில நேரம் கவிழ்த்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் பாஜக கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. ஜூன் 4-ம் தேதி எண்ணி முடித்தபோது கிடைத்தது 293.

எண் சரியாக இருந்தாலும் சரி, தவறாக இருந்தாலும் சரி, ஒரு கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. மக்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள்? போன முறை ஒரு கட்சிக்குப் போட்டவர் இந்த முறை மாற்றிப் போடுகிறாரே, அந்த மாற்றம் அவர் மனதில் எப்படி வந்தது? யாருடைய பேச்சைக் கேட்டு வந்தது?

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் சுமார் 80 ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறைதான் ‘ஃபோகஸ் குரூப்’. தமிழில் ‘குவியக் குழு’ என்று சொல்லலாம். கட்சிகளின் விளம்பரம், தலைவர்களின் மேடைப் பேச்சு, தேர்தல் வாக்குறுதி என்று நம் காதுக்கு வரும் பல வார்த்தைகள், பல நாடுகளில் முதலில் இப்படியொரு அறையில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அந்த அறையில் என்ன நடக்கிறது? அதை எவ்வளவு நம்பலாம்? பார்ப்போம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

விஷயம் எளிமையானதுதான். 6 முதல் 10 பேர் வரை ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களோடு ஒரு நெறியாளர் இருப்பார். ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். ‘ஃபோகஸ்’ என்ற பெயரே அதனால்தான். ஊர்க்கதையெல்லாம் பேசலாம், ஆனால் சுற்றிச் சுற்றி அந்த ஒரு விஷயத்துக்கு வந்துவிட வேண்டும்.

பங்கேற்பவர்களைச் சும்மா தெருவில் போகிறவர்களை அழைத்து உட்கார வைப்பதில்லை. ஆய்வின் தேவைக்கு ஏற்ப முன்கூட்டியே சில கேள்விகள் கேட்டு வடிகட்டுவார்கள். உதாரணமாக, ‘கடந்த முறை ஆளுங்கட்சிக்குப் போட்டு, இந்த முறை தயங்கும் 30 வயதுக்குட்பட்ட பெண்கள்’ என்று ஒரு குழு. ‘அதே ஊரில், அதே நிலையில் உள்ள ஆண்கள்’ என்று இன்னொரு குழு. பொதுவாக ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களைத்தான் ஒன்றாக உட்கார வைப்பார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் இருந்தால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார் இல்லையா? அதுதான் காரணம்.

நெறியாளர் கையில் ஒரு பேச்சுக் குறிப்பு இருக்கும். பொதுவான கேள்வியில் தொடங்கி, மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருவார். டிவி விவாதத்தில் நீங்கள் பார்க்கும் நெறியாளருக்கும் இவருக்கும் நேர்மாறான வேலை. அங்கே குறுக்கிட்டு மடக்குவது திறமை. இங்கே குறைவாகப் பேசி, அதிகம் கேட்பதுதான் திறமை. ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’, ‘ஏன் அப்படி நினைக்கிறீங்க?’, ‘இவர் சொன்னதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?’ இந்த மூன்று கேள்விகளை வைத்தே பாதி நேரத்தை ஓட்டிவிடுவார் ஒரு நல்ல நெறியாளர்.

பேச்சு முழுவதும் பதிவு செய்யப்படும். பல இடங்களில் சுவரில் ஒரு பக்கக் கண்ணாடி இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் தெரியும். மறுபக்கத்தில் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கண்ணாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு குழுவோடு ஆய்வு முடிந்துவிடாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பிரிவினரிடம் பல குழுக்கள் நடத்துவார்கள். புதிதாக எதுவும் வரவில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள் என்ற நிலை வரும்போதுதான் நிறுத்துவார்கள். பிறகு பதிவுகளை எழுத்தாக்கி, எந்த வார்த்தை அடிக்கடி வருகிறது, எங்கே பேச்சு திசை மாறுகிறது, எங்கே எல்லோரும் அமைதியாகிறார்கள் என்று வரி வரியாகப் படிப்பார்கள்.

கருத்துக்கணிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கற்பனையாக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு ஊரின் கடைவீதியில் மேம்பாலம் கட்டத் திட்டம். ‘மேம்பாலம் வேண்டுமா, வேண்டாமா?’ என்று சர்வே எடுத்தால் ஆம், இல்லை, கருத்து இல்லை என்று மூன்று எண்கள் கிடைக்கும். அதே கேள்வியை எட்டுப் பேர் கொண்ட குழுவில் போட்டால், பேச்சு இப்படிப் போகலாம்:

ஆட்டோ ஓட்டுநர்: “பாலம் வந்தா நல்லதுதாங்க. சிக்னல்ல நின்னு நின்னே பாதி பெட்ரோல் போயிடுது.”

கடைக்காரர்: “உங்களுக்கு நல்லது. மேல போற வண்டி என் கடை முன்னாடி எங்க நிக்கும்? வருஷக்கணக்கா தோண்டிப் போட்டா நான் எங்க போறது?”

குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அம்மா: “பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம் இருக்கு. பிள்ளைங்க எப்படி ரோட்டைத் தாண்டும்? அதை யாராவது யோசிச்சாங்களா?”

ஆட்டோ ஓட்டுநர்: “அது சரிதான். என் பொண்ணும் அங்கதான் படிக்குது. பாலம் வரட்டும், ஆனா கீழ தாண்டிப் போக ஒரு வழி வெச்சுட்டுக் கட்டட்டும்.”

சர்வேயில் இந்த ஓட்டுநர் ஒரு ‘ஆம்’. அவ்வளவுதான். குழுவிலோ, நாலு வரி பேச்சுக்குள் அவருடைய ‘ஆம்’ ஒரு நிபந்தனையோடு கூடிய ‘ஆம்’ ஆகிவிட்டது. அவரை அசைத்தது எது? கடைக்காரரின் நஷ்டத்தைக் கேட்டு அவர் அசையவில்லை. பள்ளிக் குழந்தைகள் என்றதும் அசைந்தார். ஓட்டுநராக வந்தவர் அப்பாவாகப் பேசத் தொடங்கினார். ஒரு மனிதர் எந்த அடையாளத்தில் நின்று யோசிக்கிறார், எந்த இடத்தில் இன்னொரு அடையாளத்துக்குத் தாவுகிறார் என்பதைத்தான் ஃபோகஸ் குரூப் காட்டுகிறது.

பட்டிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டிமன்றத்தில் பேசுபவர் எந்த அணி என்பது முதலிலேயே முடிவாகிவிடும், கடைசிவரை மாற மாட்டார். இங்கே தீர்ப்பும் இல்லை, அணியும் இல்லை. பேசப் பேசக் கருத்து எப்படி உருவாகிறது, உடைகிறது, வளைகிறது என்பதுதான் ஆய்வுப் பொருள்.

எங்கே தொடங்கியது?

கதை அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சமூகவியல் ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். 1940 அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் அவரது குழு ஒரு ஆய்வு நடத்தியது. சுமார் 600 வாக்காளர்களை மே மாதம் முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். வானொலியும் செய்தித்தாளும் பிரசாரம் செய்து மக்கள் மனதை மாற்றிவிடும் என்பது அப்போதைய நம்பிக்கை. ஆய்வு முடிவு வேறு மாதிரி வந்தது. பிரசாரத்தால் அணி மாறியவர்கள் சிலர்தான். ஊடகச் செய்தி பெரும்பாலும் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் என்று கருதப்படும் சிலரிடம் முதலில் போய், அவர்கள் வழியாகத்தான் மற்றவர்களை எட்டியது. 1944-ல் இது புத்தகமாக வந்தது. அரசியல் கருத்து என்பது வீட்டிலும் வேலை இடத்திலும் நண்பர்களோடும் பேசிப் பேசி உருவாகிறது என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

அதே லாசர்ஸ்ஃபெல்ட் 1941 நவம்பரில் தன் சக பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனை இரவு விருந்துக்கு அழைத்தார். வந்தவரைச் சாப்பிட உட்கார வைக்காமல் நேராக ஒரு வானொலி ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு குழு நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தது. பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் அந்தக் குழுவிடம் காரணம் கேட்டார். மெர்ட்டனுக்கு அந்த விசாரணை திருப்தி தரவில்லை. கேள்வி கேட்பவரே பதிலை ஊட்டிவிடுகிறார், குறிப்பிட்ட இடத்தில் ஏன் பொத்தானை அழுத்தினீர்கள் என்று ஆழமாகக் கேட்கவில்லை என்று குறை சொன்னார். அப்படியானால் நீங்களே கேட்டுக் காட்டுங்கள் என்றார் லாசர்ஸ்ஃபெல்ட். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த முறை.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ வீரர்களுக்குப் போட்ட படங்கள் அவர்கள் மனதில் என்ன செய்கின்றன என்று அறிய இதே முறை பயன்பட்டது. 1946-ல் மெர்ட்டனும் பேட்ரிசியா கெண்டலும் இதன் விதிமுறைகளை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் இதை அதிகம் கையில் வைத்திருந்தது சோப்பும் கேக் மாவும் விற்ற விளம்பர உலகம்தான். சமூக ஆய்வாளர்கள் பெரிய அளவில் திரும்பி வந்தது 1980-களில்.

கருத்துக்கான சரக்கு எங்கிருந்து வருகிறது?

இந்த முறையில் நடந்த முக்கியமான அரசியல் ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க சமூகவியலாளர் வில்லியம் காம்சன், பாஸ்டன் வட்டாரத்தில் 188 சாதாரண உழைக்கும் மக்களை 37 சிறு குழுக்களாகப் பேச வைத்தார். ஒருவரிடம் சொல்லி, அவருடைய நண்பர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்துவரச் செய்தார். அணுமின் நிலையம், நலிந்துபோன தொழில்கள், இடஒதுக்கீடு போன்ற சமவாய்ப்புத் திட்டங்கள், அரபு–இஸ்ரேல் மோதல் என நான்கு தலைப்புகள். 1992-ல் புத்தகமாக வந்த இந்த ஆய்வு, மக்கள் மூன்று இடங்களிலிருந்து எடுத்துப் பேசுகிறார்கள் என்று காட்டியது.

ஒன்று, ஊடகத்தில் பார்த்தது, படித்தது. இரண்டு, சொந்த அனுபவம், தெரிந்தவர்களின் அனுபவம். மூன்று, ‘பணம் உள்ளவன் பிழைத்துக்கொள்வான்’ என்பது போல எல்லோரும் தலையாட்டும் பொதுப்புத்தி, பழமொழி. தொழிற்சாலை மூடல் என்றால் ‘எங்க மாமாவுக்கு நடந்தது’ என்று அனுபவம் வந்துவிடுகிறது. தூரத்து நாட்டுச் சண்டை என்றால் டிவியும் பழமொழியும்தான் கை கொடுக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும்போது கருத்து உறுதியாக நிற்கிறது.

சாதாரண மக்களுக்கு அரசியல் புரியாது, டிவி சொல்வதை அப்படியே விழுங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. காம்சனின் குழுக்கள் அதைப் பொய்யாக்கின. மக்கள் அவ்வளவு செயலற்றவர்களும் இல்லை, அவ்வளவு விவரம் இல்லாதவர்களும் இல்லை. செய்தியை வாங்கி, தங்கள் வாழ்க்கையோடு உரசிப் பார்த்து, ஏற்கிறார்கள் அல்லது எறிகிறார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்தரின் கிராமர் இன்னொரு வழி எடுத்தார். அறைக்கு மக்களை அழைக்காமல், மக்கள் ஏற்கெனவே கூடிப் பேசும் இடங்களுக்கு இவரே போனார். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் மாதிரி, அங்கே பெட்ரோல் பங்க், உணவகம், காபிக் கடை. 2007-லிருந்து அந்த மாநிலத்தில் 27 ஊர்களில் 39 குழுக்களோடு உட்கார்ந்து பேச்சைக் கேட்டார். கிராமப்புற மக்கள் வரி, அரசு ஊழியர் சம்பளம், பல்கலைக்கழகம் எதைப் பற்றிப் பேசினாலும் ஒரே இடத்துக்கு வந்தார்கள்: எங்கள் பணம் நகரத்துக்குப் போகிறது, முடிவும் அங்கேதான் எடுக்கிறார்கள், எங்களை யாரும் மதிப்பதில்லை. கட்சி விசுவாசத்துக்கும் கீழே, ‘எங்க ஊர் ஆளு’ என்ற உணர்வும் மனக்குறையும் கருத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தன. ‘எந்தக் கட்சி?’ என்று மட்டும் கேட்கும் சர்வேயில் இது சிக்கியிருக்காது.

கட்சிகள் கைக்கு வந்தபோது

இவ்வளவு ஆழமாகக் காட்டும் கருவியைக் கட்சிகள் சும்மா விடுமா?

டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய மாகம் கவுண்டி, கார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. 1960-ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு வாரி வழங்கிய அந்த ஊர், 1984-ல் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைக் கொடுத்தது. என்ன ஆச்சு என்று தெரியாமல் முழித்த ஜனநாயகக் கட்சி, 1985-ல் ஸ்டான் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளரை அனுப்பியது. கட்சி மாறிப்போட்டவர்களைக் குழுக்களாக உட்கார வைத்துக் கேட்டார். கட்சி எங்களுக்காக உழைத்தது ஒரு காலம், இப்போது எங்கள் வரிப்பணத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறது என்ற கோபம் வெளியே வந்தது. அந்தக் கோபத்துக்குள் கறுப்பின மக்கள் மீதான கசப்பும் வெளிப்படையாக இருந்தது. கட்சித் தலைமைக்கு அது கேட்க விரும்பாத செய்தி. ஆனால் 1992-ல் பில் கிளிண்டனின் பிரசாரம் நடுத்தர வர்க்கத்தை மையமாக வைத்து அமைந்ததில் இந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு. கிரீன்பெர்க்தான் கிளிண்டனின் கருத்துக்கணிப்பாளர்.

பிரிட்டனில் 1979 முதல் 1992 வரை தொடர்ந்து நான்கு தேர்தல்களில் தோற்ற தொழிற்கட்சிக்கு, பிலிப் கூல்ட் இதே வேலையைச் செய்தார். கஷ்டப்பட்டுக் கொஞ்சம் முன்னேறியவர்கள், தொழிற்கட்சி வந்தால் தங்களைப் பின்னுக்கு இழுத்துவிடும் என்று பயப்படுவதைக் குழுக்களில் கேட்டார். டோனி பிளேர் தலைமையில் கட்சி தன் பேச்சை மாற்றியது. 1997-ல் 418 இடங்கள். கூடவே ஒரு விமர்சனமும் ஒட்டிக்கொண்டது: எட்டுப் பேர் சொல்வதைக் கேட்டுக் கொள்கையை வளைப்பவர் தலைவரா, தொண்டரா?

1988: கண்ணாடிக்குப் பின்னால்

மேலே சொன்ன கண்ணாடியை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

1988 மே மாதக் கடைசி. நியூ ஜெர்சி மாநிலத்தின் பாராமஸ் நகரில் இரண்டு குழுக்கள், சுமார் 30 பேர். எல்லோரும் 1984-ல் ரீகனுக்குப் போட்டு, இந்த முறை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸுக்குப் போட இருந்தவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் எதிர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரக் குழு.

நெறியாளர் சில தகவல்களை ஒவ்வொன்றாகப் போட்டார். டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் இருந்தது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒரு கைதி விடுப்பில் போய்த் திரும்பாமல், வேறு மாநிலத்தில் ஒரு தம்பதியரின் வீட்டில் கொடூரக் குற்றம் செய்தார். பள்ளிகளில் ஆசிரியர்கள் கொடி உறுதிமொழியை நடத்தியே ஆக வேண்டும் என்ற சட்ட முன்வடிவை டுகாகிஸ் தன் வீட்டோ அதிகாரத்தால் நிறுத்தியிருந்தார். இப்படி வரிசையாக. பேச்சு முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் மனம் மாறிவிட்டார்கள்.

அன்றைக்கே பிரசாரத்தின் பாதை முடிவானது என்று சொல்லலாம். அந்த ஜூலையில்கூட டுகாகிஸ் கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். இலையுதிர் காலத்தில் சிறை விடுப்பைத் தாக்கி விளம்பரங்கள் டிவியில் ஓடின. புஷ் ஆதரவு அமைப்பு ஒன்று வெளியிட்ட விளம்பரம் அந்தக் கறுப்பினக் கைதியின் படத்தையே காட்டியது. இனவெறியைத் தூண்டும் விளம்பரம் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை பேசப்படுகிறது. நவம்பரில் புஷ் 40 மாநிலங்களில் வென்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் எந்த இடத்தில் அழுத்தினால் வாக்காளர் அசைவார் என்பதை அந்த அறை காட்டிக் கொடுத்தது.

பாஸ்டனிலும் பாராமஸிலும் நடந்தது ஏறக்குறைய ஒரே வேலை. ஆட்களை உட்கார வைத்தார்கள், பேச விட்டார்கள், கேட்டார்கள். ஒரு இடத்தில் மக்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளக் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் அந்த யோசனையைத் திருப்பிவிடும் புள்ளியைத் தேடிக் கேட்டார்கள். வித்தியாசம் கண்ணாடிக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில்தான்.

குறைகள் என்னென்ன?

முதல் குறை, எண்ணிக்கை. எட்டுப் பேர் ஒரு தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்ய முடியாது. ‘குழுவில் எட்டில் ஆறு பேர் எதிர்த்தார்கள், ஆகவே 75 சதவீத எதிர்ப்பு’ என்று எழுதினால் அது தவறு. இதை வலியுறுத்தியவர் மெர்ட்டனேதான். குழுப் பேச்சு புதிய கருதுகோள்களைத் தரும், அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதைப் பெரிய ஆய்வு வைத்துச் சோதிக்க வேண்டும் என்று 1987-ல் எழுதினார்.

இரண்டாவது, கூட்டத்தோடு ஒத்துப்போகும் குணம். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு நீளம் என்ற சுலபமான கேள்வி. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள், வேண்டுமென்றே தவறான பதில் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டிலேயே இப்படி என்றால் அரசியலில் கேட்க வேண்டுமா? அதே சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்துக்குப் பணிவது மளமளவென்று குறைந்துவிட்டது. அதனால்தான் நல்ல நெறியாளர் சத்தமாகப் பேசுபவரை அடக்கி, ஓரத்தில் அமைதியாக இருப்பவரைப் பேச வைக்கப் பாடுபடுவார்.

மூன்றாவது, மௌனம். தன் கருத்து சிறுபான்மை என்று உணர்பவர் வாயை மூடிக்கொள்வார், அதனால் அந்தக் கருத்து இன்னும் சிறுபான்மையாகத் தெரியும் என்று ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நியூமன் 1974-ல் விளக்கினார். ‘மௌனச் சுழல்’ என்று இதற்குப் பெயர். ஜாதி, மதம், பணம் வாங்கிக்கொண்டு ஓட்டு போடுவது போன்ற விஷயங்களில் நாலு பேர் முன்னால் யாரும் உள்ளதைச் சொல்லிவிட மாட்டார்கள். அவற்றுக்குத் தனியாகப் பேசுவதுதான் சரி.

ஆனால் குறை என்று சொல்லும் இந்தக் ‘கூட்டத் தாக்கம்’ சில நேரம் பெரிய உண்மையைக் காட்டும். அரசியலுக்கு வெளியே ஒரு உதாரணம். 1985-ல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்ற முடிவெடுத்தது. சுமார் 2 லட்சம் பேரிடம் தனித்தனியாகச் சுவைச் சோதனை நடத்தியது. புதியதே நன்று என்றார்கள். ஃபோகஸ் குரூப்களில் மட்டும் வேறு காட்சி. பழைய சுவையை மாற்றுவதா என்று கோபப்பட்ட சிலர், பக்கத்தில் இருந்தவர்களையும் தங்கள் பக்கம் இழுத்தார்கள். நிறுவனம் பெரிய எண்களையே நம்பியது. ஏப்ரல் 23-ல் புதிய கோக் வந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சிலரின் கோபம் பலருக்குத் தொற்றும் என்பதைச் சிறிய அறை முன்பே காட்டியிருந்தது. தேர்தலில் அலை என்று சொல்கிறோமே, அது எழும்புவதும் இப்படித்தான்.

டிவியில் வரும்போது உஷார்

தேர்தல் விவாதம் நடக்கும்போதே திரைக்குக் கீழே ஒரு கோடு மேலும் கீழுமாக ஓடுவதை வெளிநாட்டுச் சேனல்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு குழு கையில் உள்ள கருவியைத் திருப்பித் திருப்பித் தன் விருப்பத்தைக் காட்டும். 1941-ல் மெர்ட்டன் பார்த்த பச்சை, சிவப்புப் பொத்தான்களின் பேரப்பிள்ளை இது. ‘புழு’ என்று செல்லப் பெயர்.

2010 பிரிட்டன் தேர்தலின்போது ஆய்வாளர்கள் இந்தப் புழுவைச் சோதித்தார்கள். 150 பேரை இரண்டாகப் பிரித்து ஒரே விவாதத்தைக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்குக் கார்டன் பிரவுனுக்குச் சாதகமாகவும், இன்னொரு பிரிவுக்கு நிக் கிளெக்குக்குச் சாதகமாகவும் ஓடும்படி புழுவை ஆய்வாளர்களே ரகசியமாக இயக்கினார்கள். யார் ஜெயித்தார் என்று கேட்டபோது பார்வையாளர்களின் தீர்ப்பு புழு போன பக்கமே கணிசமாகச் சாய்ந்தது. சிலரின் கருத்தைக் காட்டுவதாகச் சொல்லும் கோடு, லட்சக்கணக்கானவர்களின் கருத்தை உருவாக்கவும் செய்யும். எங்களைப் போன்ற செய்திச் சேனல்களும் மறக்கக் கூடாத பாடம் இது.

அடுத்த முறை பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

‘வாக்காளர்களிடம் பேசினோம், அவர்கள் சொன்னது இதுதான்’ என்று ஒரு கட்சியோ நிறுவனமோ சேனலோ சொன்னால் இவற்றைச் சரிபாருங்கள்:

1. யார் பணம் கொடுத்து நடத்தினார்கள்? சொல்லியிருக்கிறார்களா?

2. பங்கேற்றவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கட்சிக்காரர்களே அழைத்து வந்தவர்களா?

3. எத்தனை குழுக்கள், எந்தெந்த ஊர்கள்? ஒரே ஒரு குழு என்றால் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கேள்வி என்ன? ‘இந்த ஆட்சியின் தோல்விகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

5. சதவீதம் சொல்கிறார்களா? சொன்னால் அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

6. முழுப் பேச்சும் வெளியானதா, வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடம் மட்டுமா?

இவற்றுக்கெல்லாம் நேர்மையான பதில் இருந்தால், அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். கருத்துக்கணிப்பு உங்களை ஒரு எண்ணாகத்தான் பார்க்கும். நல்ல ஃபோகஸ் குரூப், நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள், யார் சொன்னால் கேட்பீர்கள், எதற்குக் கோபப்படுவீர்கள் என்பதையும் கேட்கும். அதனாலேயே அதன் முடிவு யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வதும் வாக்காளரின் உரிமை.